‘யெஸ்’ அழுத்தப் பயந்த காலம்

ஹீட்டரில் காயப்போட்ட சொக்ஸ் மணம்... கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் நான் முதன்முதலில் வேலை செய்த, வருமான வரி பார்க்கும் டாக்ஸ் ஒஃபிஸ் என்றால் அதுதான் ஞாபகம் வரும். பனியில் நனைந்து வருகிற எல்லோரும் சொக்ஸைக் கழற்றி அங்கேதான் போடுவோம்.

தொண்ணூறுகளின் கடைசி. ஒஃபிஸ் சிவா அண்ணையுடையது. கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் தலையில்.

ஆட்களின் பேப்பர்களை யாரும் பார்க்காமல் இன்டர்நெட்டில் அனுப்ப, நல்ல என்கிரிப்ஷன் சொஃப்ட்வெயர் வேண்டும் என்றார் அண்ணை. அது இணையத்தில் இலவசமாகவே கிடந்தது. ஆனால் அமெரிக்க அரசு அதை ஆயுதம் மாதிரிப் பார்த்த காலம் அது. கனடா தவிர வேறு வெளிநாட்டுக்குப் போகக்கூடாதாம்! டவுன்லோட் பண்ணுமுன் ஒரு கேள்வி வரும்: நீங்கள் அமெரிக்க அல்லது கனடியப் பிரஜையா, நிரந்தர வதிவாளரா?

யெஸ். நோ.

நான் இதில் எதுவும் இல்லை. அகதி கேஸ் வென்றாயிற்று, ஆனால் செக்யூரிட்டி செக் முடியாமல், நிரந்தர வதிவுக்கான லாண்டட் பேப்பர் இழுபட்டது. அது வந்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி வரலாம். ஷெல்லுக்குப் பயந்து ஓடி வந்தவன், கனடாவில் ஆயுதம் இறக்கினான் என்று ஃபைலில் எழுதிவிட்டால்...?

மூன்று நாள் “லைன் ஸ்லோ அண்ணை” என்று சமாளித்தேன். நான்காம் நாள் பக்கத்தில் வந்து நின்றார்.

“உதில யெஸ் எண்டு கிடக்கு. அமத்தன்.”

“நான் இன்னும் லாண்டட் இல்லை அண்ணை. பொய் சொல்லி, பிறகு மனிசி வாறது நிண்டிட்டால்...”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“தள்ளு. நான் சிற்றிசன். என்ர பேரில கிடக்கட்டும்” என்று தானே அழுத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த கோடையில் பேப்பர் வந்தது. அன்றே ஒஃபிஸுக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சொஃப்ட்வெயரை அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினேன். ஒரு மணித்தியாலம் ஃபோன் லைன் பிஸி.

“ஏன்ரா, உது வேலை செய்ததுதானே?”

“ஓம் அண்ணை. நான் ஒருக்கா அமத்த வேணும்.”

அண்ணை போய் இரண்டு பேருக்கும் ரீ போட்டுக்கொண்டு வந்தார்.

மனைவியும் வந்து சேர்ந்தாள். இப்போது விட்பியில் வீடு, இரண்டு பேரும் சிற்றிசன். அவள் ஊரில் இருக்கும் தங்கச்சியோடு ஃபோனில் முகம் பார்த்துக் கதைக்கிறாள். அந்த ஃபோனுக்குள் அந்தக் காலத்தை விடப் பலமான என்கிரிப்ஷன் இருக்கிறது. நீ எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. நல்லதுதான்.

ஆனாலும் சிலவேளை ஒரு ஆசை... யாராவது ஒருமுறை கேட்கமாட்டார்களா?

கேட்டால், அவளைக் கூப்பிட்டு அவள் கையாலேயே ‘யெஸ்’ அழுத்த வைப்பேன்.