லோண்டரிச் சுவரும் ஒரு கோலப் படமும்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் அதற்கு மேலேயே நீலப் பொலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டார். பிறகு தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. மூக்கையும் வாயையும் மூடி, இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பிதுங்கி நிற்கிற ஒரு முகமூடி. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு, உடுப்புத் தோய்க்கிற லோண்டரி அறைக்குள் போய், சுவரில் தண்ணீர் விசிறி, என் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டைக் கிள்ளி எடுத்தார். அதை ஒரு சின்னப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, நம்பர் எழுதினார். எடுத்த இடத்துக்குப் பூச்சுப் பூசி மூடினார். நான் குசினி வாசலில் சாறத்தோடும் தேத்தண்ணிக் கோப்பையோடும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். இருபத்திரண்டு வருசமாக வேலையால் வந்து அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நான் சப்பாத்துக் கழற்றுகிறேன்.

இதை என் பிள்ளைகள் ஆரணிக்கும் துவாரகனுக்குமாக எழுதுகிறேன். ஆரணி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். தம்பிக்கு அவள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். மற்ற ஆட்களும் வாசிக்கட்டும். மெல்பேர்னிலும் சிட்னியிலும் எங்களைப் போல பழைய வீடு வாங்கினவர்கள் எத்தனையோ பேர். நான் ஓ.எல். வரைக்கும் படித்தவன், டண்டினோங்கில் மட்டைப் பெட்டி செய்கிற ஃபக்ரறியில் வேலை. எழுத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் என் இங்கிலீசில் இந்த விசயம் நிற்காது, அதனால் தமிழில் எழுதுகிறேன்.

பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள். ஆரணி கலியாணம் முடித்து சிட்னியில், துவாரகன் கிளேட்டனில் சிநேகிதரோடு. நோபல் பார்க் வீடு எங்கள் இரண்டு பேருக்கும் பெரிது என்று விற்க நினைத்தோம். வீடு விற்றுத் தருகிற ஏஜென்ற் பிள்ளை, இந்த வயசு வீடுகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், வாங்குகிற ஆட்கள் கேட்பார்கள், முதலே ஒரு சேர்வே செய்து வைத்தால் நல்லது என்றாள். அப்படி வந்தவர்தான் கிரெக் என்ற இந்த மனிசன்.

பிள்ளைகளே, அந்தச் சொல், அதன் தூள் சுவாசப்பைக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று இங்கே ஆட்களைப் பயப்படுத்துகிற சொல் என்று எனக்கு இந்த நாட்டுக்கு வந்து கனகாலம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எங்கட வீடு முதலில் கிடுகு வீடு. ஒவ்வொரு மாரிக்கும் ஒழுகும். எனக்கு எட்டு வயசாக இருக்கும்போது அப்பா கிடுகைப் பிரித்து அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டார். லொறியில் சீற் வந்து இறங்கின அன்றைக்கு அயலில் உள்ளவர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு நாங்கள் சீற் போட்ட வீட்டுக்காரர். மிஞ்சின உடைசல் துண்டுகளை நாங்கள் சின்ன ஆட்கள் எடுத்து வைத்துக்கொள்வோம். கிளித்தட்டு விளையாட்டில் மறிக்கிறதற்கு சீமெந்து நிலத்தில் கோடு கீற அதுதான் எங்களுக்குச் சோக்கட்டி. கீறி முடிய வாயால் ஊதித் தூளைத் தட்டுவோம். பிறகு சண்டை வந்தது. ஷெல் சிதறி மூன்று சீற் உடைந்து அறைக்குள் கொட்டுண்டது. கூட்டி அள்ளிப்போட்டு அதே அறையில்தான் படுத்தோம். மேலே பார்த்து நாங்கள் பயந்தது கூரைக்கு இல்லை, கூரைக்கு மேலே சுற்றின, குண்டு போடுகிற பொம்பருக்கு.

நோபல் பார்க் வீட்டை வாங்கி உள்ளே வந்த முதல் கிழமை, நான் சுவர்களை விரலால் தட்டிப் பார்த்தேன். லோண்டரிச் சுவரில் தட்டினபோது அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். பெயின்ற் உரிந்த ஒரு மூலையில் சாம்பல் நிறம் தெரிந்தது. நான் உங்கட அம்மாவைக் கூப்பிட்டு, "இஞ்ச பாரும், எங்கட ஊர்ச் சீற்" என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. இந்த நாட்டில் எனக்குத் தெரியாத சாமான்களுக்கு நடுவில் தெரிந்த ஒன்று. பலகை வெட்டத் தெரியாது, ஜிப்ரொக் சுவர் அட்டை வெட்டத் தெரியாது, ஆனால் சீற் வெட்டத் தெரியும்.

அப்போது சாமிப் படங்கள் குசினிக் கபேட்டுக்குள், மைக்ரோவேவுக்கு மேலே இருந்தன. கதவைத் திறந்து விளக்கு வைத்து, புகை மணி கத்தும் முன் மூடுவோம். அம்மாவுக்கு அது பெரிய குறை. லோண்டரிச் சுவருக்குப் பின்னால் துவாய் அடுக்குகிற ஒரு சின்ன அறை இருந்தது. சுவரை வெட்டி, அந்த இடத்தைச் சாமி மாடமாக்கினேன். கைவாளால் ஒரு சனிக்கிழமை முழுக்க அரிந்தேன். கரை சொரசொரப்பாக இருந்தது என்று மண்தாள் போட்டுத் தேய்த்தேன். நிலமெல்லாம் வெள்ளைத் தூள்.

ஆரணி, உனக்கு அப்போது நாலு வயசு. நீ வந்து குந்தியிருந்து அந்தத் தூளில் விரலால் கோலம் போட்டாய். பொங்கலுக்கு அம்மா மாவால் போட்டதைப் பார்த்த நினைவு உனக்கு. தம்பி தவழ்ந்து வந்து கோலத்துக்கு நடுவில் இருந்து, இரண்டு கையாலும் அள்ளித் தன் வயிற்றில் பூசிக்கொண்டான். நான் சிரித்துக்கொண்டு கமெரா எடுத்தேன். அந்தப் படம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் வெள்ளை வெளேரென்று, கண் மட்டும் கறுப்பாக. பெரிதாக்கி மாடத்துக்குப் பக்கத்தில் கொழுவினோம். ஒரு பிரதி ஊரில் என் அக்காவுக்கு அனுப்பினோம். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அம்மா, மாவைக் கொட்டிப்போட்டு இருக்கிறார்கள் பாருங்கோ என்று சொல்வாள். கேக் மாவென்று சொன்னால் கதை இன்னும் வடிவாக இருந்தது. சொல்லிச் சொல்லி அது மாவாகவே போய்விட்டது. நானும் மறந்துபோனேன்.

கிரெக் மாடத்தின் கரையை ரோச் அடித்துப் பார்த்தார். வெட்டின இடம் மூடப்படாமல் இருந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு, இதை வெட்டினது யார் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். கையில் பேனையும் பேப்பரும் இருந்தன. நான் உடனே சொன்னேன், நாங்கள் இல்லை, எங்களுக்கு முதல் இருந்தவர்கள் என்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். கவுன்சில் அனுமதி இல்லாமல் வெட்டினது என்ற பயம் ஒன்று. மற்றது, நாங்கள் ஆமி மறிக்கிற சென்றிப் பொயின்றுகளில் வளர்ந்தவர்கள். பேனையோடு ஒருவன் முன்னால் நின்று கேட்டால், கேள்வி முடிய முதலே எங்கட வாயில் வருகிறது 'நான் இல்லை, எனக்குத் தெரியாது'. அங்கே அந்தச் சொல் என்னைக் காப்பாற்றின நாட்கள் இருக்கு. அது பழகின நாய் மாதிரி என் பின்னால் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கிரெக் மாடத்துக்குள் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "பாவங்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்" என்றார்.

சாமான்களை அடுக்கிக்கொண்டு திரும்பும்போது அந்தப் படம் அவர் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்து போய்விட்டது அந்த மனிசனுக்கு. தனக்கும் இரண்டு பிள்ளைகள் என்றார். பிறகு விரலால் காட்டி, "மாவா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். பதற்றத்தில் தமிழிலேயே சொன்னேன். பிறகு, கேக் செய்தவர்கள் என்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் அம்மா வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் லோண்டரி வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தாள். "நான் எல்லோ அதைத் தும்புத்தடியால கூட்டினனான்," என்றாள். கொஞ்ச நேரத்தால், "தூள் படிஞ்ச உங்கட சேட்டை வெளியில கொண்டுபோய் உதறினதும் நான்தான்" என்றாள்.

ஒரு கிழமையில் ரிப்போட் வந்தது. சீற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கிறது, முழுதாக உள்ள இடங்களைத் தொடாமல் விட்டால் ஆபத்துக் குறைவு, வெட்டின கரையைக் கழற்ற வேண்டும் என்று இருந்தது. கீழே ஒரு வரி: முந்தைய உரிமையாளரால் வெட்டப்பட்டது. ஆரணி, உனக்குத்தான் அனுப்பி விளங்கப்படுத்தச் சொன்னேன். நீ போனில் வாசித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் நின்று, "தாங்க் காட், அப்பா. அது நாங்கள் இல்லை" என்றாய். பிறகு, வீடு மாறும்போது அந்தக் கோலப் படத்தை எனக்குத் தாங்கோ, எங்கட புது வீட்டு வாசலில் கொழுவப் போறன் என்றாய். நான் சரி பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஃபமிலி டொக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு நாள், ஒரு தரம் என்றால் ஆபத்து மிகச் சிறியது. ஆனால் இல்லவே இல்லை என்று தன்னால் எழுதித் தர முடியாது. இப்போது எடுத்துப் பார்க்க ஒரு சோதனையும் இல்லை, நோய் வந்தால் கன வருசம் கழித்துத்தான் வரும், பிள்ளைகளின் டொக்டரிடம் சொல்லிப் பதிந்து வைக்கச் சொல்லுங்கோ என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சமைத்துக்கொண்டு நின்றவள், அடுப்பை நிற்பாட்டினாள்.

"சொல்லிப்போட்டு என்னப்பா செய்யிறது? அதுகள் இனி ஒவ்வொரு இருமலுக்கும் பயப்பிடோணுமே?"

சொல்லாமல் விட்டால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் ஆரணி, அந்தப் படத்தை உன் வீட்டு வாசலில் கொழுவி, வருகிறவர்களுக்கு மாவென்று நீ சிரித்துச் சிரித்துச் சொல்லுவாய். என் பொய்யை உன் வாயால் சொல்ல வைப்பேன். அதை என்னால் தாங்க ஏலாது.

முதலில் கிரெக்குக்கு போன் எடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். சுவரை வெட்டினது நான்தான், படத்தில் இருக்கிறது என் பிள்ளைகள், அது மா இல்லை என்று தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். பொலிசுக்குச் சொல்லப் போகிறாரோ என்று கூட நினைத்தேன். அவர் மெதுவாக, தன் அப்பாவும் தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் சீற் வெட்டினவர்தான், அந்தக் காலத்தில் இங்கே எல்லாரும் வெட்டினார்கள் என்றார். வரியை மாற்றி அனுப்புகிறேன் என்றார். பிறகு, "பிள்ளைகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இனித்தான் என்றேன்.

நேற்று வெள்ளை உடுப்புக்காரர் மூன்று பேர் வந்து சுவரைக் கழற்றினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அயல் வீட்டில் போய் இருந்தோம். தடித்த பொலித்தீனில் சுற்றி, ஒட்டுநாடா போட்டு, ஒரு பிரேதத்தைக் கொண்டுபோகிற கவனத்தோடு வாகனத்தில் ஏற்றினார்கள். துடைத்து, காற்றைச் சோதித்து, இனி உள்ளே போகலாம் என்று கடிதம் தந்த பிறகுதான் போனோம். லோண்டரியில் மரச் சட்டங்கள் மட்டும் நின்றன. பிள்ளையார் திரும்பவும் மைக்ரோவேவுக்கு மேலே.

அந்தச் சட்டங்களுக்கு நடுவில் நிற்கும்போது ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டா. அப்பா போட்ட அதே சீற்றுக்குக் கீழேதான் அக்கா இன்னும் இருக்கிறா. அங்கே கார்த்திகை மழை. கூரையில் அது விழுகிற சத்தத்தில் அக்காவின் குரல் பாதிதான் கேட்டது. நான் நடந்ததைச் சொல்லி, உடைந்த சீற்றைத் தொடாதேங்கோ, வருசா வருசம் ஏறி நின்று பாசி தேய்க்க ஆள் பிடிக்காதேங்கோ என்றேன். அக்கா சிரித்தா.

"போடா தம்பி. அப்பிடியெண்டால் இஞ்ச ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டினம். ஷெல்லுக்குத் தப்பினதுகளை இந்தக் கூரையே கொல்லப் போகுது?"

அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மூச்சு இழுத்தது. சுருட்டால் என்றுதான் எல்லாரும் சொன்னோம். அதை நான் அக்காவுக்கு ஞாபகப்படுத்தவில்லை. அக்கா கதையை மாற்றி, பிள்ளைகள் எப்படி என்று கேட்டா. "உன்ர பிள்ளையளின்ர படத்தைத்தான் இப்ப பாத்துக்கொண்டு இருக்கிறன். மழை ஒழுகுது எண்டு கழட்டி மற்றச் சுவரில கொழுவினனான். ரெண்டும் மாவுக்குள்ள என்ன வடிவு," என்றா. நான் சொன்னதொன்றும் அக்காவின் காதில் ஏறவில்லை. ஏறினாலும் அக்காவுக்கு மாறிப்போக வேறு கூரை இல்லை.

போனை வைக்காமல் மழையைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சின்ன வயசில் அந்தச் சத்தம் எனக்கு நித்திரை வரப் பண்ணுகிற சத்தம். இப்போதும் அது எனக்கு வீட்டின் சத்தமாகத்தான் கேட்டது. அதுதான் எனக்குத் துக்கம்.

ஆரணி, படத்தை இந்தக் கடதாசியோடு சேர்த்து அனுப்புகிறேன். கொழுவுவதும் விடுவதும் உங்கள் இரண்டு பேரின் விருப்பம். பின்பக்கத்தில் திகதிக்குக் கீழே 'இது மா இல்லை, அப்பா வெட்டின சுவர்' என்று எழுதியிருக்கிறேன். அக்காவின் வீட்டில், அந்தக் கூரைக்குக் கீழே, அது இன்னும் மாதான்.