கிணற்றடியில் இரண்டு வாளி சிப்பி

ஹர்த்தால் என்று அறிவித்துவிட்டால் திருவனந்தபுரத்தில் முதல் கூட்டம் பெட்ரோல் பங்கில் கூடும், அடுத்தது கோழிக் கடையில். அன்று மாலை என் மனைவி இரண்டு வாளி சிப்பியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மறுநாள் பஸ் ஓடாது, ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும், சிப்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

அவள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. நாற்பது வயதுக்குப் பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய இறங்கியவள். சிவப்பு வாளியில் இருந்தவை நகரத்துக் கால்வாய்கள் போய் விழும் காயலில், அதாவது உப்பங்கழியில், பிடித்தவை. நீல வாளியில் இருந்தவை தெற்கே பூவாற்றுப் பக்கம், சுத்தமான தண்ணீரில் பிடித்தவை. இரண்டும் ஒரே ஜாதிதான். இங்கே கக்கா என்று சொல்லி விற்பார்கள்.

ஆராய்ச்சி என்ன என்பதைப் பத்திரிகைக்காரனான எனக்கும் புரிகிற மாதிரி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அழுக்குத் தண்ணீரில் இருக்கும் உலோகமும் ரசாயனமும் சிப்பியின் உடலுக்குள் துரு மாதிரி ஒன்றை உண்டாக்குகின்றன. அதை அடக்கச் சிப்பி தானே சில நொதிகளைச் சுரக்கிறது. மாத்திரை அட்டையில் நாம் படிக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் செய்யும் வேலைதான். அதற்குச் சக்தி செலவாகும். அந்தச் செலவு போக முட்டையிட மிச்சம் இருக்கிறதா என்பதுதான் அவள் கேள்வி. நொதிகளை அளந்தாயிற்று, அழுக்குக் காயல் சிப்பிகளில் அவை அதிகம். மீதி பதிலுக்கு இரண்டு கூட்டமும் அவள் கண்ணெதிரே முட்டையிட வேண்டும். அவையோ ஆய்வுக்கூடத்து ஏசியில் வாரக்கணக்காக வாயைத் திறக்கவில்லை. உப்பை மாற்றிப் பார்த்தாள், ஹீட்டர் போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. மழை இறங்கினால் காயல் தண்ணீரே மாறிவிடும், இந்த வருடத்து வாய்ப்பு போய்விடும். அடுத்த வருடம் விடுப்பு கிடையாது. ஆராய்ச்சி அத்தோடு நின்றுவிடும்.

வீட்டில் ஏசி இருப்பது எங்கள் படுக்கையறையில் மட்டும். வாளிகளை அங்கே வைப்பதாக அவள் திட்டம். கரமனையில் எங்கள் அக்ரஹாரத் தெருவில் முட்டை வாங்குகிறவர்கள்கூட அதைக் காய்கறிக்கு அடியில் வைத்துத்தான் கொண்டுவருவார்கள். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"என்னவாக்கும் அது?"

"கக்காம்மா. என் ஆராய்ச்சிக்கு. உசிரோடதான் இருக்கு, யாரும் சாப்பிடப் போறதில்லை."

"உசிரோட இருந்தா கேக்கவே வேண்டாம். ராத்திரி எழுந்து நடந்தா?"

கக்கா நடக்காது என்று அவள் விளக்கினாள். கக்காவோடு தனக்கு ஒரு சண்டையும் இல்லை, ஆனால் உள்ளே வேண்டாம் என்றாள் அம்மா. இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்டோவின் பின்சீட்டில் எதையாவது மறந்துவிட்டோமா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் வாளிகள் பின்சந்து வழியாகக் கிணற்றடிக்குப் போயின. மனைவி பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயைச் செருகிவிட்டுச் சாப்பிட வந்தாள்.

காலையில் அம்மா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். "டேய், உன் ஆத்துக்காரி வச்சிருக்கற தண்ணி வெளுத்துப் போயிருக்கு. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேலே ஏறிவந்த வெயில் இரண்டு வாளிகள் மீதும் விழுந்துகொண்டிருந்தது. நீல வாளித் தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி இருந்தது. சிவப்பு வாளியில் லேசான கலங்கல். எல்லாம் செத்துவிட்டன என்றே நினைத்தேன். ஆறுதலாக இரண்டு வாக்கியங்களை யோசித்து வைத்துக்கொண்டு அவளை எழுப்பினேன்.

அவற்றுக்குத் தேவை ஏற்படவில்லை. அவள் வாளியைத் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து முகர்ந்தாள், அழுகல் வாடை இல்லை. உள்ளே ஓடி மைக்ராஸ்கோப்பை எடுத்து வந்து துவைக்கிற கல்லில் வைத்தாள். ஒரு வாளியிலிருந்து ஒரு சொட்டு, மற்றதிலிருந்து ஒரு சொட்டு. நிமிர வெகுநேரமாயிற்று.

"போட்டிருக்கு."

எது என்று கேட்டேன்.

"ரெண்டும்."

நானும் பார்த்தேன். உருண்டை உருண்டையாக முட்டைகள். ஒன்று இரண்டாகப் பிரிந்து நின்றது. சிவப்பு வாளியில் முட்டைகள் குறைவு, அளவிலும் சற்றுச் சிறியவை. ஒன்றுமே இருக்காது என்று பயந்திருந்தவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறது என்று அவள் சிவப்பு வாளியைக் காட்டிச் சொன்னாள், வகுப்பில் கடைசி பெஞ்சு தேறிவிட்ட சந்தோஷத்தில் சொல்வது போல.

அம்மா எட்டவே நின்று விவரம் கேட்டாள். எத்தனை பிள்ளைகள் என்றாள். லட்சக்கணக்கில் இருக்கும் என்று பதில் வந்தது.

"சிவ சிவா. தீட்டுக் கழிக்க வாத்தியாரை வரச் சொல்லலாம்னா இன்னிக்கு பஸ்ஸும் இல்லையே."

மனைவி சிரித்த சிரிப்பில் மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்த கண்ணாடித் தகடு நழுவிக் கிணற்றடிச் சேற்றில் விழுந்தது. வேறு சொட்டு எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஆய்வு வழிகாட்டியான பேராசிரியைக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். ஹீட்டருக்கு மசியாதவை எப்படி மசிந்தன என்று அவர் மலையாளத்தில் கேட்டார். ஹீட்டரில் சட்டென்று சூடேறியதும் ஓடுகளை மூடிக்கொண்டன, வெயிலில் மெதுவாகச் சூடேறியதால் திறந்திருக்க வேண்டும் என்றாள் இவள். அது சரி, வெயிலில் வைக்க எப்படித் தோன்றியது என்று அவர் விடவில்லை.

"தோணல மேடம். மாமியார் உள்ளே விடலை."

மறுமுனையில் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. ஒருமுறை நடந்ததை நம்ப முடியாது, மழைக்கு முன்னால் இதே இடத்தில், தெர்மாமீட்டர் வைத்து மறுபடி செய்து பார் என்றார்.

அன்று மாலை அனுமதி கேட்கும் வேலை எனக்கு வந்தது. இன்னும் நான்கு வாளிகள் வரும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை.

"நாலோ நாப்பதோ, கொண்டு வரட்டும். கிணத்தடி வரைக்கும்."