மூணு பெருசா, ஒண்ணு பெருசா?

என் கணவரின் பெரியப்பாவை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. புவனகிரியிலிருந்து அவர் வந்து இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வாய் கிடையாது. சாம்பாருக்கு உப்பு போதுமா என்பதைக்கூட அவர்தான் சொல்ல வேண்டும். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

கணவருக்கு டெங்கு வந்து, சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். "நாளைக்கு பிளேட்லெட் இறங்கிட்டா உடனே கடலூருக்குக் கொண்டுபோயிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமா ஏற்பாடு செய்த கார் வாசலில் நின்றது.

காலையில் ரிசல்ட் மாமாவின் போனுக்கு வந்தது. நேற்று 102000, இன்று 34000. நடுவில் ஒரு கமாகூட இல்லை.

"நேத்து ஒண்ணுல இருந்துச்சு, இன்னிக்கு மூணுக்கு வந்துடுச்சு. ஏறுது! வண்டிய அனுப்பிடலாம்" என்றார் மாமா. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் போனை எட்டிப் பார்த்தேன். "இல்ல மாமா, நேத்து ஆறு இலக்கம், இன்னிக்கு அஞ்சுதான். அந்த ஒண்ணு லட்சத்துல நிக்குது, இந்த மூணு பத்தாயிரத்துல நிக்குது. எறங்கிடுச்சு மாமா."

"நல்ல நேரத்துல ஏம்மா அபசகுனமா பேசுற? மூணு பெருசா, ஒண்ணு பெருசா?"

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமியார். உள்ளே பெற்ற பிள்ளைக்கு ஈறில் ரத்தம் கசிகிறது, இவருக்கு மரியாதை முக்கியம்! என் தலைக்குள் ஏதோ வெடித்தது.

"எண்ணத் தெரியலன்னா சும்மா இருங்க!"

ஆஸ்பத்திரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். கிளம்பிக்கொண்டிருந்த காரின் முன்னால் போய் நின்று மறித்தேன். அதிலேயே கணவரை ஏற்றிக்கொண்டு போனோம்; கடலூரில் நேராக ஐசியூவில் சேர்த்தார்கள். "இன்னும் லேட் பண்ணியிருந்தா கஷ்டம்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். அன்று நடந்தது அத்தனையையும், கணவர் தேறியதும் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பிறகு வேண்டுதலுக்குத் திருவந்திபுரம் போய் மொட்டை போட்டோம். அங்கே சொந்தக்காரர்கள் நடுவில் மாமா ஆரம்பித்தார்: "அன்னிக்கு நான் மட்டும் வண்டிய வச்சி கடலூருக்குத் தூக்கிட்டுப் போவலன்னா, இவன் இன்னிக்கு இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் இப்போதாவது வாயைத் திறப்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு மாமாவின் காலில் விழுந்தார்.

எழுந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீயும் வுழு."