கரண்ட்டுப் புகை

அக்காவின் தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முதலில் புகைந்தது பட்டாசு இல்லை, பாய்லர்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கீழ்பென்னாத்தூரில் பம்புசெட்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அப்பா பார்த்து வைத்திருந்ததோ ஒரு கிளார்க்கு மாப்பிள்ளையை. கட்டினால் இவரைத்தான் என்று அக்கா மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். (இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் நான் முறுக்கு கடத்தினேன்.) அப்பா கல்யாணத்தைச் செய்து வைத்தார். ஆனால் மருமகனை ஒரு தரம்கூட 'மாப்ளே' என்று கூப்பிடவில்லை. "அவரு சாப்ட்டாரா? அவருக்குத் தலகாணி குட்த்தீங்களா?" என்று எங்களிடம்தான் கேட்பார்.

பண்டிகைக்கு முதல் நாள் மாமா எங்கள் செம்பு பாய்லரைப் பிடித்துக்கொண்டார். அதன் நடுக்குழாயில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தோலைப் போட்டு எரித்தால் சுற்றியிருக்கிற தண்ணீர் சுடும். தினமும் அதை ஊதி ஊதிக் கண் சிவப்பது என் வேலை. மாமா குழாயைத் தொடாமல், பக்கத்தில் ஓட்டை போட்டு ஹீட்டர் காயில் ஒன்றைப் பொருத்தி, சுவரில் சுவிட்சும் வைத்தார். வீட்டுக்குக் கரண்ட்டு வந்தே அப்போது ஒரு வருஷம் ஆகவில்லை.

"இனிமே ஊதவேணாம் பாப்பா. சுவிட்ச தட்டு, போதும்."

அப்பா எட்ட நின்றார். "எங்கம்மா காலத்து பாய்லரு. காலையில தண்ணி சுடலன்னா அப்ப பேசிக்கிறேன்" என்றார், சுவரைப் பார்த்து.

விடியலில் அக்கா என்னை உலுக்கினாள். எங்கள் ஊர் மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது. ஊரே விளக்கைப் போட்டதில் எங்கள் பல்பு ஊதுவத்தி முனை மாதிரி மினுங்கியது. பாய்லர் தண்ணீரோ ஐஸ்.

"வோல்டேஜே இல்லடி. அப்பா மானத்த வாங்கிடுவாரு. தோலு போடுடி, சீக்கிரம்!"

அவள் மணைமேல் ஏறி நின்று சுவிட்சை அணைத்தாள். நான் ஒரு முறம் தோலைக் குழாயில் திணித்துப் பற்றவைத்தேன். தண்ணீர் சுட்டது. புகையும் வந்தது. அதை நாங்கள் யோசிக்கவில்லை.

தலையில் எண்ணெய் வழிய அப்பா வந்தார். பின்னாலேயே மாமா.

"இன்னாடி புகை?"

அக்கா முறத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"கரண்ட்டுப் புகைப்பா" என்றேன்.

மாமா புகையைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். என் மூக்கு நுனிக் கரியைப் பார்த்தார். "ஆமாங்க. வோல்டேஜ் கம்மியானா இப்படித்தான் புகையும்" என்றார்.

அப்பா மூக்கை உறிஞ்சினார். ஒரு செம்பு மொண்டு முதுகில் ஊற்றிக்கொண்டார்.

"தண்ணி நல்லா சுடுது மாப்ளே. வாங்க, நீங்களும் ஊத்திக்குங்க."

இரண்டு பெரிய ஆம்பளைகளை ஒரே பொய்யில் கவிழ்த்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு அதிரசம் கூடுதலாகத் தின்றேன். கரண்ட்டுக்குப் புகை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சாதித்து டீச்சரிடம் கொட்டும் வாங்கினேன். அப்பா மல்லாட்டை மண்டியில் முப்பது வருஷமாக வேலை பார்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு, தோல் வாசனையை வைத்தே எந்த ஊர் மல்லாட்டை என்று சொல்லிவிடுவார். அது எனக்கு அப்போதே தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.