மதிய சைரனுக்கு மயங்கி விழுந்த கணினி

கணினிக்குள் நினைவக இடத்தைப் பங்கிடும் வேலை கல்யாணப் பந்தி மாதிரி. சாப்பிடுகிறவர் எழுந்திருக்கும் முன் அடுத்தவரை உட்கார வைத்தால் ரகளைதான். அந்த வேலையில் மாட்டிக்கொண்டு முழித்த அன்பர்களே, என் பாட்டையும் கேளுங்கள்.

வரதன் வைத்த கெடு

எண்பதுகளில், பேகம்பேட்டில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் நானும் தோழி பத்மாவும் கணினியின் இயக்க முறைமை எழுதிக்கொண்டிருந்தோம். எங்கள் முதல் கணினி ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்குப் போனது. தினமும் மதியம் படுத்துவிடும். எங்கள் ஆபீசிலோ அதே மாதிரிக் கணினி கல்லுக்குண்டாக ஓடியது. தொழிற்சாலையில் கணினிக்குப் பொறுப்பாளர் வரதன், அந்த ஊர் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர்; பேச்சில் உருது கலந்துவரும். நேரில் போய் நின்றதும் வெடித்தார்.

"சால்ஜாப்பு நக்கோம்மா, வேணாம்! இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா மிஷினைத் திருப்பி அனுப்பிடுவேன்."

சைரன்

அங்கேயே உட்கார்ந்து கவனித்தோம். காலை முழுக்க ஒன்றுமில்லை. சாப்பாட்டு சைரன் ஊதியதுதான் தாமதம், ஆபரேட்டர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டை பிரேக் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு கேன்டீனுக்குப் பறந்தார்கள். கணினி அப்படியே நின்றது! நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். பத்மாவுக்கும் அதே கணத்தில் பொறி தட்டிவிட்டது.

"ஆபீஸ்ல நாம பிரிண்ட் முடியற வரைக்கும் காத்திருப்போம். இவங்க சாம்பார் தீர்ந்துடும்னு ஓடறாங்கடீ!"

பொறுப்பான இருவர்

நிரல் தாள்களைத் தரையில் பரப்பினோம். அச்சாக வேண்டிய பக்கம் இருக்கும் இடத்தை, அனுப்பியவரின் வேலையும் பிரிண்டரும் பகிர்ந்துகொள்ளும். அதனால் அந்த இடத்துக்கு எண்ணிக்கை இரண்டு. விலகுகிறவர் ஒன்றைக் கழிக்க வேண்டும். பூஜ்யமானால் இடம் அடுத்தவருக்கு. பிரேக்கை அழுத்தியதும், ரத்து செய்யும் பகுதி ஒன்றைக் கழித்தது. வேலையை மூடும் பகுதியும் அதே ஆளுக்காக இன்னொன்றைக் கழித்தது! பிரிண்டர் படித்துக்கொண்டிருக்கும்போதே இடம் கைமாறியது; கணினி குழம்பிப் படுத்தது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டு வரிகளையும் வட்டமிட்டேன். முதல் பகுதி நான் எழுதியது, அடுத்தது பத்மா எழுதியது. பத்மா சிரித்தாள்.

"நீயும் கழிச்சே, நானும் கழிச்சேன். ரெண்டு பேருமே ரொம்பப் பொறுப்பு, அதான் வினை."

மறுநாள்

இரண்டு கழித்தலில் ஒன்றை, ஒரே ஒரு வரியை, எடுத்துவிட்டோம். சைரன் ஊதியது. எல்லோரும் பிரேக்கை அழுத்தினார்கள். பிரிண்டர் கையிலிருந்த பக்கத்தை அடித்து முடித்தது. கணினி ஜம்மென்று அடுத்த வேலையை எடுத்தது! நான் கத்தியே விட்டேன். மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்று வரதன் சிரித்தார். வாசலில் நின்ற ஆபரேட்டர் ஒருவர் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

"கைக்கு மேடம், எதுக்கு சரி பண்ணீங்க? சாப்பிட்டு வந்தா இனிமே வேலைதானே பார்க்கணும்!"

அதற்கப்புறம் அந்தத் தொழிற்சாலையில் எங்களுக்கு யாரும் டீ வாங்கித் தரவில்லை என்பதுதான், பிழையை ஒழுங்காகத் திருத்தினோம் என்பதற்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி.