துவைத்த சுடிதார்

போடியில் நான் மகளிர் போலீசாக இருந்தபோது, "நீ பக்கத்துல உக்காரும்மா, அது போதும்" என்பார் இன்ஸ்பெக்டர். அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் அதில் அடக்கம்.

அன்று பதினேழு வயது செல்வியின் பக்கத்தில் உட்காரச் சொன்னார். போடிமெட்டுக்குக் கீழே ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர் பள்ளத்தில் செத்துக் கிடந்தார், மண்டையில் காயம். முந்தின நாள், முகமூடி தராமல் பூச்சிமருந்தடிக்கச் சொன்னதற்காக எல்லோர் முன்னாலும் அவரோடு சண்டை போட்டவள் செல்வி. அந்தச் சாயங்காலம் வேலை முடிந்ததும் முதல் காரியமாகச் சுடிதாரைத் துவைத்துப் போட்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

சின்னப் பெண் மிரளக் கூடாதென்று நான் சீருடை இல்லாமல் சேலையில் போயிருந்தேன். தோட்டக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் விசாரணை.

"ரத்தக்கறை இல்லேன்னா எதுக்கு அவ்வளவு அவசரமா துவைச்ச?"

"எப்பவும் அப்படித்தான் சார்."

சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த சுடிதாரைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மாவும் மருந்தடித்தவள். வேலை முடிந்து வருகிறவளைக் கட்டிக்கொள்ள ஓடுவேன். "தொடாத ஆத்தா" என்று விலகிப்போய், குளித்து, சேலையை அலசிப் போட்ட பிறகுதான் தூக்குவாள். விவரம் தெரியும்வரை, அவளுக்கு என்னைப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்.

"சார், இவ வீட்டுல சின்னத் தங்கச்சி இருக்கு. மருந்துத் துணியோட யாரும் பிள்ளையத் தூக்க மாட்டாங்க. மத்த கொடியையும் பாருங்க."

லயம் முழுக்க நேற்றைய துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாக மற்ற பெண்களைக் கூப்பிட்டார்.

"வேலை விட்டதும் எங்ககூடத்தான் குழாயடியில துவைச்சா. பெறகு சேர்ந்தேதான் வீட்டுக்கு வந்தோம்" என்றாள் ஒருத்தி.

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க அவளத்தானே சார் கேட்டீக?"

சூப்பர்வைசர் மாரடைப்பில் சுருண்டு பள்ளத்தில் விழுந்திருக்கிறார் என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். செய்தியைச் சொல்ல நானே மலையேறினேன். அதற்குப் பிறகு யாரையும், "ஏன் செஞ்ச?" என்று கேட்பதற்கு முன்னால், "தினமும் என்ன செய்வ?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

நான் கொண்டுபோன செய்தியைக் கேட்டதும் செல்வி அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து அவள் தங்கச்சி தத்தித் தத்தி ஓடிவந்தது. பழக்கத்தில் இவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"வராத பாப்பா, அக்கா குளிச்சிட்டு வர்றேன்."

"இன்னைக்கு நீ மருந்தடிக்கலயே தாயி. தூக்கு" என்றேன்.

தன் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.