தைலம் தேய்த்த மூக்கு

ஒயின் ஆலையில் அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர். சுற்றுவட்டாரத்துத் திராட்சையைத் தோட்டம் தோட்டமாகத் தனித்தனியே புளிக்கவைப்பார்கள். அதில் எது எதோடு எத்தனை பங்கு சேர வேண்டும் என்று பார்த்து, பிரெஞ்சுக்காரர்கள் பாணியில் ஒரு சிவப்பு ஒயினாக்குவது அவள் வேலை. மெர்லோ திராட்சை ஒயினுக்குச் சதைப்பிடிப்பு, கேபர்னே திராட்சை முதுகெலும்பு என்பாள். வீட்டுச் சமையலில் உப்புப் பார்க்க மட்டும் கணவரைக் கூப்பிடுவாள்.

கோப்பைகளில் எண் மட்டுமே இருக்கும். யார் தோட்டம் என்பது ஒட்டிய உறைக்குள். ஓரவஞ்சனை கூடாது என்று அவளே கொண்டுவந்த சட்டம். அதில் ஒரு ஓட்டை இருந்தது. அவளுடைய அக்காவின் தோட்டத்து எல்லையில் ஒரு வரிசைத் தைலமரங்கள். அந்த வாசம் பழத்தோலில் ஏறி ஒயினிலும் லேசாக எட்டிப்பார்க்கும். மூக்குக்காரிக்கு முதல் முகர்விலேயே தெரிந்துவிடும். தெரிந்ததும், நாலு பேர் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடுவார்களே என்று பயந்து, அந்தக் கோப்பையைத் தள்ளிவைப்பாள். ஏழு வருடமாக அக்காவின் ஒயின் மலிவுச் சரக்கோடு போய்ச் சேர்ந்தது. நேர்மைக்கும் இப்படிக் கிறுக்குப் பிடிக்கும்போல.

இந்த வருடம் அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் எடுக்கலைன்னா கொடியெல்லாம் பிடுங்கிட்டு தைலமரமே நட்டுடறேன்டி. அதுக்காவது யாரும் நம்பர் போட மாட்டாங்க."

கலவை நாளன்று பார்த்து மூக்குக்காரிக்கு ஜலதோஷம். அவள் கண் விழிப்பதற்குள் கணவர் பாசத்தோடு மூக்கிலும் நெற்றியிலும் நீலகிரித் தைலத்தைத் தேய்த்துவிட்டிருந்தார்.

"என்னங்க பண்ணீங்க? இன்னிக்கு நான் கலவை போடணுமே!"

"மூச்சே விட முடியல, எப்படிம்மா கலவை போடுவே?"

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அடைத்த மூக்கில் அந்தத் தைலம் ஒன்றுதான் ஏறியது. அழுகை வந்தது.

"வாசத்தை நான் பாத்துக்கறேன், நீங்க நாக்கை மட்டும் நம்புங்க" என்றார் ஆலை முதலாளியம்மா. மூக்குக்காரி அளவுக் குழாயில் ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். கலவை வழவழவென்று நழுவியது. ஒவ்வொரு எண்ணாகச் சேர்த்து, சுவைத்துத் துப்பினாள். ஐந்தாம் எண்ணில் பத்தில் ஒரு பங்கு விட்டதும் நாக்கின் இரு பக்கமும் இறுகியது. அதுவரை படுத்துக்கிடந்த ஒயின் எழுந்து உட்கார்ந்தது.

"இதுதான்மா. இது இல்லாம இந்த வருஷம் ஒயினே இல்லை."

முதலாளியம்மா முகர்ந்தார். "கடைசியில குளுகுளுன்னு ஒரு வாசம் வருதே, அழகா இருக்கு."

உறையைப் பிரித்தார்கள். அக்கா தோட்டம்.

சாயங்காலம் ஒரு சின்னப் பாட்டிலோடு அக்கா வீட்டுச் சமையலறையில் போய் நின்றாள். தைலம் தேய்த்ததிலிருந்து உறை பிரித்தது வரை சொன்னாள். அக்காவின் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம், அவளால் முடியவில்லை.

"ஏழு வருஷமும் உன்னுதுன்னு தெரிஞ்சேதான் தள்ளிவெச்சேன்க்கா. ஊர் ஏதாவது சொல்லிடுமோன்னு பயம்."

அக்கா டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். நிதானமாக விழுங்கினாள்.

"எனக்கும் தெரியும்டி."

"தெரியுமா? அப்புறம் ஏன் அந்த மரங்களை வெட்டாம விட்டே?"

"வெட்டியிருந்தா நீ எடுத்திருப்பே. என்னுதுன்னு தெரியாம எடுத்திருப்பே." அக்கா தன் தோள் துண்டால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். "என்னுதுன்னு தெரிஞ்சே ஒரு தடவை நீ எடுப்பியான்னு பாத்தேன். அடுத்த வருஷம் ஜலதோஷம் இல்லாம வா."